ஹார்டு டிஸ்க்கில் குறைந்துபோன இடம் எங்கே?

பாட வீடியோக்கள், வினாத்தாள்கள், மதிப்பெண் பட்டியல்கள், ஆண்டு விழாப் படங்கள் என நம் பள்ளிகளின் பல ஆண்டு உழைப்பு இன்று ஒரு கையடக்க ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. அதை யு.எஸ்.பி. வழியே இணைக்கும்போது பெட்டியில் அச்சிட்டிருந்த அளவைக் கணினி காட்டாவிட்டால் நமக்குப் பதற்றம் வருகிறது. "ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். அதைச் செய்வதற்கு முன், கணினி காட்டும் எண்ணைத் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும். கணித ஆசிரியராகவும் எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தின் பொறுப்பாளராகவும் நான் பயன்படுத்தும் முறையை இங்கே பகிர்கிறேன்.

1. குறையே இல்லாத குறை

டிஸ்க் தயாரிப்பாளர்கள் 1 டி.பி. என்பதை 1 இலட்சம் கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் அதே பைட்டுகளை 1024-ஆல் மூன்று முறை வகுத்து, ஜி.பி. என்று காட்டுகிறது. எனவே 500 ஜி.பி. டிஸ்க் 465 ஆகவும், 1 டி.பி. டிஸ்க் 931 ஆகவும் தெரியும். 2 டி.பி. டிஸ்க் 1.81 டி.பி. எனத் தெரியும். இங்கே ஒரு பைட்டும் குறையவில்லை, அளவுகோல்தான் மாறியிருக்கிறது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

2. 746 என்ற எண்

பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார். "சார், 3 டி.பி. டிஸ்க் வாங்கினோம். 746 ஜி.பி.தான் காட்டுது. கடைக்காரர் ஏமாத்திட்டார்னு எச்.எம். சொல்றாங்க. உள்ளே போட்டு வாங்கி வந்த பாட வீடியோ எதையும் காணோம். டிஸ்க்கைத் தயார் செய்யவான்னு கம்ப்யூட்டர் கேக்குது, சரின்னு கொடுத்துடவா?"

"வேண்டாம் டீச்சர், எதையும் அழுத்தாதீங்க. அப்படியே கழற்றி வைங்க" என்றேன்.

அவர்கள் டிஸ்க்கைத் தனியாக வாங்கி, வேறிடத்தில் ஒரு புதிய கணினியில் நேரடியாக இணைத்து வீடியோக்களை நிரப்பியிருந்தார்கள். பள்ளிக்கு வந்ததும் பல ஆண்டு பழைய யு.எஸ்.பி. உறை ஒன்றில் பொருத்தினார்கள். சிக்கல் அந்த உறையில்தான்.

ஹார்டு டிஸ்க் தன் இடத்தை 512 பைட் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. இவற்றுக்கு செக்டர் என்று பெயர். ஒவ்வொரு செக்டருக்கும் வரிசை எண் உண்டு. அதுவே அதன் முகவரி. பழைய உறைகளில் உள்ள சில்லு, முகவரி எழுத 32 பிட் மட்டுமே ஒதுக்குகிறது. 32 பிட்டில் எழுதக்கூடிய முகவரிகள் 2-இன் அடுக்கு 32, அதாவது 4,29,49,67,296. இதை 512-ஆல் பெருக்கினால் கணினிக் கணக்கில் சரியாக 2048 ஜி.பி. வரும். அதற்கு மேல் எண்ண அந்த உறைக்கு இடமில்லை.

நமக்குத் தெரிந்த ஓ.எம்.ஆர். தாளை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசை எண்ணுக்கு இரண்டு கட்டங்களே இருந்தால் 137-ஆம் மாணவர் 37 என்றுதான் பதிவாவார். முன்னால் உள்ள 1 விழுந்துவிடும். இங்கும் அதுவே நடக்கிறது.

3 டி.பி. டிஸ்க்கில் உள்ள செக்டர்கள்: 5,86,05,33,168
32 பிட் எல்லை: 4,29,49,67,296
கழித்தால் மீதி: 1,56,55,65,872

20,97,152 செக்டர்கள் சேர்ந்தது ஒரு ஜி.பி. மீதியை இதனால் வகுத்தால் 746 வருகிறது! ஏமாற்றியது கடைக்காரர் அல்ல. புதிய உறையில் போட்டதும் 2794 ஜி.பி.யும் தெரிந்தது, வீடியோக்களும் அப்படியே இருந்தன. அன்று "சரி" கொடுத்திருந்தால் டிஸ்க்கின் தொடக்கத்தில் உள்ள பிரிவு அட்டவணை அழிந்து, வீடியோக்களை மீட்பது பெரும்பாடாகியிருக்கும்.

3. அதே 746, வேறு இடத்தில்

சில நேரம் அதே 3 டி.பி. டிஸ்க்கில் 2048 ஜி.பி. பயன்பாட்டுக்குக் கிடைக்கும், மீதி 746 ஜி.பி. "ஒதுக்கப்படாத இடம்" எனக் கறுப்புப் பட்டையாகத் தெரியும். எண் ஒன்றுதான், காரணம் வேறு. இங்கே உறை முழு டிஸ்க்கையும் பார்க்கிறது. பிரிவு அட்டவணைதான் பழையது.

எம்.பி.ஆர். எனப்படும் இந்த அட்டவணை முறை 1983-இல் பி.சி. டாஸ் 2.0 உடன் வந்தது. அதிலும் முகவரிக்கு 32 பிட்தான். இதற்குப் பின் வந்த ஜி.பி.டி. முறையில் 64 பிட் இருப்பதால் இந்த எல்லை நமக்குக் குறுக்கே வராது. ஆனால் 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி, ஜி.பி.டி. டிஸ்க்கைப் படிக்காது. ஆய்வக மூலையில் எக்ஸ்பி கணினி இன்னும் ஓடினால் 2 டி.பி. அல்லது அதற்குக் குறைந்த டிஸ்க்கை அதற்கெனத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாக எம்.பி.ஆர். டிஸ்க்கை ஜி.பி.டி. ஆக மாற்ற, அதிலுள்ள எல்லாப் பிரிவுகளையும் அழிக்க வேண்டும். ஆகவே முதலில் அனைத்தையும் வேறு டிஸ்க்கில் நகலெடுத்து, நகல் திறக்கிறதா என்று பார்த்த பிறகே மாற்ற வேண்டும்.

4. இன்னும் மூன்று எண்கள்

128: மிகப் பழைய கணினிகளும் உறைகளும் 28 பிட் முகவரி கொண்டவை. 2-இன் அடுக்கு 28-ஐ 512-ஆல் பெருக்கினால் 128 ஜி.பி. எந்தப் பெரிய டிஸ்க்கும் இந்த அளவோடு நின்றால் காரணம் இதுதான்.

4: டிஸ்க்கில் நிறைய இடம் இருந்தும் 5 ஜி.பி. வீடியோ ஏற மறுத்தால் அது ஃபேட் 32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜி.பி.யை எட்ட முடியாது. கோப்பின் நீளத்தை எழுத அங்கும் 32 பிட்தான். எக்ஸ்ஃபேட் அல்லது என்.டி.எஃப்.எஸ். முறையில் இந்தத் தடை இல்லை. ஆனால் சில பழைய தொலைக்காட்சிகளும் புரொஜெக்டர்களும் ஃபேட் 32-ஐ மட்டுமே படிக்கும். அவற்றுக்கு வீடியோவைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக் கொடுக்கலாம்.

4096: சில உறைகள் எட்டு செக்டர்களை ஒன்றாகச் சேர்த்து, 4096 பைட் செக்டர் என்று கணினிக்குச் சொல்லும். அப்போது எம்.பி.ஆர். முறையிலும் 16 டி.பி. வரை எண்ணலாம். உறை பழுதாகி, டிஸ்க்கை வெளியே எடுத்து நேரடியாகக் கணினியில் இணைத்தால் முகவரிக் கணக்கு மாறி, டிஸ்க் வெறுமையாகத் தோன்றும். தகவல் அழியவில்லை. அதே வகை உறை கிடைத்தால் திரும்பவும் தெரியும்.

5. சரிபார்க்கும் வரிசை

முதலில், "ஃபார்மட் செய்யவா?", "டிஸ்க்கைத் தயார் செய்யவா?" என்று எது கேட்டாலும் ரத்து செய்யுங்கள்.

இரண்டாவதாக, வேறொரு புதிய கணினியில், யு.எஸ்.பி. ஹப் இல்லாமல் நேரடியாக இணைத்துப் பாருங்கள். முழு அளவும் தெரிந்தால் குறை பழைய கணினியில். தெரியாவிட்டால் உறையை மாற்றிப் பாருங்கள்.

மூன்றாவதாக, விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தி டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். கீழ்ப்பகுதியில் டிஸ்க்கின் மொத்த அளவும் ஒதுக்கப்படாத இடமும் தெரியும். டிஸ்க்கின் பெயர்மேல் வலது சொடுக்கி, பிராப்பர்ட்டீஸ், பிறகு வால்யூம்ஸ் சென்றால் எம்.பி.ஆர்.-ஆ ஜி.பி.டி.-யா என்று அறியலாம். உபுண்டுவில் டிஸ்க்ஸ் என்ற செயலி இதே விவரங்களைக் காட்டும்.

நான்காவதாக, மிக மலிவாகக் கிடைத்த பெரிய கொள்ளளவு பென் டிரைவ் என்றால் எச்சரிக்கை தேவை. போலிப் பென் டிரைவ்களில் உள்ள சில்லு, இல்லாத இடத்தை இருப்பதாகச் சொல்லும். கோப்பு ஏறியதுபோலத் தெரியும், பிறகு திறக்காது. லினக்ஸில் கிடைக்கும் எஃப்3 என்ற இலவசக் கருவி முழு இடத்தையும் எழுதி, திரும்பப் படித்து உண்மை அளவைச் சொல்லும். பாடங்களை ஏற்றுவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும்.

6. வகுப்பறைக்கு

நடுநிலை வகுப்புகளில் அடுக்குகள் நடத்தும்போது "இவ்வளவு பெரிய எண் எதுக்கு சார்?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. மேலே உள்ள கழித்தலைக் கரும்பலகையில் செய்து காட்டுங்கள். பிறகு இந்தக் கணக்கைக் குழுவாகச் செய்யச் சொல்லுங்கள்: 4 டி.பி. டிஸ்க்கில் 7,81,40,37,168 செக்டர்கள் உள்ளன. அதே பழைய உறையில் போட்டால் எத்தனை ஜி.பி. காட்டும்? விடை 1678. பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவர்களை 28, 32 பிட்டுகளுக்கான எல்லையை அவர்களே கண்டுபிடிக்க வைக்கலாம்.

கடைசியாக ஒரு சிறு வேலை. பள்ளியில் உள்ள ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள். அச்சிட்ட அளவு, கணினி காட்டும் அளவு, எம்.பி.ஆர்.-ஆ ஜி.பி.டி.-யா, ஃபார்மட் முறை, இரண்டாம் நகல் எங்கே இருக்கிறது என ஐந்து வரிகள் போதும். பொறுப்பாசிரியர் மாறுதலாகிப் போனாலும் அடுத்து வருபவர் தடுமாற மாட்டார்.