சால் மரமும் துளைப்பான் வண்டும்

மத்தியப் பிரதேசத்தில் மண்டலா, திண்டோரி என்ற மாவட்டங்கள் உள்ளன. அங்கே சால் மரக் காடுகள் அதிகம். கோண்டு, பைகா மக்கள் இந்தக் காடுகளை நம்பி வாழ்கிறார்கள்.

சால் இலையைத் தைத்துச் சாப்பாட்டு இலையும் தொன்னையும் செய்கிறார்கள். விதையைப் பொறுக்கி விற்கிறார்கள். விதையிலிருந்து எண்ணெய் கிடைக்கிறது. மரம் தூணுக்கும் உத்திரத்துக்கும் உதவுகிறது. இதில் வடியும் பிசின்தான் குங்கிலியம்.

மரத்தின் எதிரி

இந்த மரத்துக்கு ஓர் எதிரி உண்டு. அதுதான் சால் துளைப்பான் வண்டு. இதற்கு நீண்ட மீசை உண்டு.

ஜூன் மாதம் மழை தொடங்கும். அப்போது வண்டுகள் மரத்தைத் துளைத்து வெளியே வரும். பெண் வண்டு பட்டை இடுக்கில் முட்டையிடும். சில நாட்களில் புழு வெளிவரும். முதலில் பட்டையின் அடியில் தின்னும். பிறகு வைரம் வரை துளைக்கும். உள்ளேயே கூட்டுப்புழுவாகி, வண்டாக மாறும். அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

நல்ல மரம் எளிதில் சாகாது. அது பிசினைக் கசியவிடும். பல புழுக்கள் அதில் சிக்கிச் சாகும். அதனால் வண்டு பெரும்பாலும் நலிந்த மரத்தையும், விழுந்த மரத்தையும் தேடும். வண்டுகள் பெருகிவிட்டால் நல்ல மரமும் தாங்காது.

1923 முதல் 1928 வரை மண்டலா பகுதியில் வண்டுகள் பெருகின. 1990களின் பிற்பகுதியிலும் பெருகின. லட்சக்கணக்கான மரங்கள் அழிந்தன.

அடையாளங்கள்

மரத்தின் அடியில் மரத்தூள் குவிந்திருக்கும். பிசின் வடியும். உச்சிக் கிளைகள் காயும்.

மரமே பொறி

புழு மரத்தின் உள்ளே இருக்கிறது. வெளியே மருந்து தெளித்தால் அதை எட்டாது. ஆகவே வண்டைப் பிடிப்பதே வழி.

மழைக்காலத்தில் சில சால் மரங்களை வெட்டித் துண்டு போடுவார்கள். பட்டையை நசுக்குவார்கள். சாறு கசியும். அந்த மணத்துக்கு வண்டுகள் பறந்து வரும். சாற்றைக் குடித்து மயங்கிக் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி அழிப்பார்கள். 1990களில் வண்டுகளை எண்ணி, வனத்துறை கூலி கொடுத்தது.

ஒன்றை மறக்கக் கூடாது. வண்டுகளை நாள்தோறும் பொறுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் துண்டுகளிலேயே முட்டையிடும். பொறியே வண்டுப் பண்ணை ஆகிவிடும். வெட்டிய மரங்களையும் காட்டில் போட்டுவைக்கக் கூடாது. மழைக்கு முன்பே அகற்ற வேண்டும்.

காட்டைச் சுத்தமாக வைத்தால் வண்டு பெருகாது. மரம் பிழைக்கும். மரத்தை நம்பிய மக்களும் பிழைப்பார்கள்.

விடை சொல்லுங்கள்

1. சால் மரத்தால் என்ன பயன்?
2. வண்டு தாக்கிய மரத்தை எப்படி அறியலாம்?
3. வண்டுகளை ஏன் நாள்தோறும் பொறுக்க வேண்டும்?

கலந்து பேசுங்கள்

உங்கள் ஊரில் எந்த மரத்தை அல்லது பயிரைப் பூச்சி துளைக்கிறது? அதற்கு என்ன செய்கிறார்கள்?