ராக்கெட் கடலில் விழவில்லை

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும் நாளில் வட சென்னையின் மொட்டை மாடிகளிலும் பழவேற்காட்டுக் கரையிலும் கூட்டம் கூடிவிடுகிறது. கை தட்டுகிறார்கள், குழந்தைகளைத் தோளில் ஏற்றிக் காட்டுகிறார்கள், கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள். பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் அன்று மாலைக்குள் அதே காணொளி வாட்ஸ்அப்பில் சுற்றிவந்து சேர்ந்துவிடும். கூடவே ஒரு வரி: "நல்லா பாருங்க, மேலே போகவே இல்ல. வளைஞ்சு கடல்ல விழுந்துடுச்சு. மத்ததெல்லாம் கிராபிக்ஸ்."

பல ஆண்டுகளாக வானத்தைப் பார்ப்பதையே பொழுதாகக் கொண்டவன் நான். இந்த வரி வந்து சேராத ஏவுதல் நாள் அரிது. அனுப்புகிறவர்களில் பொறியாளர்கள் இருக்கிறார்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நியூட்டன் விதியை எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள், அதே விதி கண்ணெதிரே நடக்கும்போது மோசடி என்கிறார்கள். இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அவர்கள் கண்டதில் பிழையில்லை. ராக்கெட் வளையத்தான் செய்கிறது. சிறிது நேரத்தில் அடிவானத்தை நோக்கி இறங்குவது போலத்தான் தெரிகிறது. இரண்டு மூன்று நிமிடங்களில் மறைந்தும் போகிறது. அதைப் பார்த்து அவர்கள் எட்டும் முடிவுதான் முழுத் தவறு.

தவறின் வேர் ஓர் எண்ணத்தில் இருக்கிறது. பரணில் பானையை ஏற்றி வைப்பது போல, செயற்கைக்கோளை உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டால் அது அங்கேயே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். வானத்தில் பரண் எதுவும் இல்லை. 500 கிலோமீட்டர் உயரத்துக்கு நேர்செங்குத்தாக ஏறி நின்ற பொருள் அடுத்த விநாடியே கீழே வரத் தொடங்கும். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து கிளம்பிய நைக்-அப்பாச்சி ராக்கெட் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் உயரம் சென்றது. சென்று என்ன ஆயிற்று? திரும்பிக் கடலில் விழுந்தது. அதன் வேலையே மேல் வளிமண்டலத்தை ஆராய்ந்துவிட்டு விழுவதுதான். ஆகவே, ராக்கெட் வளையாமல் நேராக மேலே மட்டும் போயிருந்தால்தான் அது கடலில் விழும் என்று உறுதியாகச் சொல்லலாம்.

பூமியைச் சுற்ற வேண்டுமானால் பக்கவாட்டு வேகம் வேண்டும். கணக்கு எளிது. எந்தப் பொருளும் விழத் தொடங்கிய முதல் விநாடியில் ஏறத்தாழ 5 மீட்டர் விழும். பூமி உருண்டை என்பதால், 8 கிலோமீட்டர் தள்ளிப் போனால் தரையும் ஏறத்தாழ 5 மீட்டர் கீழே வளைந்திருக்கும். ஒரு விநாடியில் 8 கிலோமீட்டர் ஓடும் பொருள், விழுந்துகொண்டே இருந்தாலும் தரையைத் தொடுவதில்லை. சுற்றுப்பாதை என்பது இவ்வளவுதான். 500 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு சற்றுக் குறைவு, வட்டமும் பெரியது. அதனால் விநாடிக்கு 7.6 கிலோமீட்டர் போதும். மணிக்கு 27,000 கிலோமீட்டருக்கும் மேல்! ராக்கெட் சுமக்கும் எரிபொருளில் பெரும்பகுதி இந்தப் பக்கவாட்டு ஓட்டத்துக்குத்தான் செலவாகிறது. கிளம்பிய சில விநாடிகளிலேயே அது சாயத் தொடங்குவது இதனால்தான்.

சரி, அடிவானத்தில் இறங்குவது போல ஏன் தெரிகிறது? கையை நீட்டி விரல்களை மடக்கி முட்டி பிடியுங்கள். அந்த முட்டியின் அகலம் வானத்தில் ஏறத்தாழ 10 பாகை. வானம் பார்ப்பவர்களின் அளவுகோல் அது. ஒரு ராக்கெட் 100 கிலோமீட்டர் உயரத்தில், நம்மிடமிருந்து 200 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், அடிவானத்துக்கு மேலே இரண்டரை முட்டி உயரத்தில் தெரியும். அதே ராக்கெட் 250 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறி, 1,000 கிலோமீட்டர் தள்ளிப் போனபின் ஒரே முட்டி உயரத்தில்தான் இருக்கும். உயரம் இரண்டரை மடங்கு கூடியிருக்கிறது. நம் கண்ணுக்கோ பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஏறிக்கொண்டே போகும் ஒன்று இறங்குவது போலத் தெரிவதற்குத் தூரமும் பூமியின் வளைவுமே காரணம். காகிதத்தில் ஒரு முக்கோணம் வரைந்தால் ஐந்து நிமிடத்தில் புரியும். அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடாமல் காணொளியை ஐந்து குழுக்களுக்கு அனுப்புகிறார்களே, அதைத்தான் கண்டிக்கிறேன்.

இன்னொரு வளைவும் உண்டு. துருவச் சுற்றுப்பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் நேராகத் தெற்கே போக வேண்டும். நேர் தெற்கே இலங்கை இருக்கிறது. கழன்று விழும் பாகங்கள் மக்கள் வாழும் நிலத்தில் விழக் கூடாது என்பதால், ராக்கெட் முதலில் தென்கிழக்கே போய், பிறகு தெற்கே திரும்புகிறது. இந்தச் சுற்றுவழிக்குக் கூடுதல் எரிபொருள் செலவாகிறது. சுமக்கும் எடை குறைகிறது. தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளம் கட்டுவதற்கு இதுவே முக்கியமான காரணம். அங்கிருந்து தெற்கே நோக்கினால் திறந்த கடல்தான். நீங்கள் மோசடி என்று காட்டும் அந்த வளைவைத் தவிர்க்கத்தான் 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே அடிக்கல் நாட்டப்பட்டது.

கடலில் எதுவுமே விழவில்லையா? விழுகிறது. யாரும் மறைக்கவில்லை. பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டம் ஏறத்தாழ 110 விநாடிகளில் எரிந்து தீர்ந்து, கழன்று, வங்கக் கடலில் விழுகிறது. அதற்காகவே ஏவுதல் நாளில் பழவேற்காடு மீனவர்களிடம் கடலுக்குப் போக வேண்டாம் என்கிறார்கள். கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் முன்கூட்டியே எச்சரிக்கை விடுக்கிறார்கள். காலிக் கூடு விழுவதும் ராக்கெட் விழுவதும் ஒன்றல்ல. மேல் கட்டங்கள் இன்னும் வெகுதூரம் போய் விழுகின்றன. 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூரியன் பே அருகே ஒரு பெரிய உருளை கரை ஒதுங்கியது. அது பெரும்பாலும் பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாம் கட்டமாகவே இருக்கும் என்று ஆஸ்திரேலிய விண்வெளி முகமை அறிவித்தது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அந்தக் கரை ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர். பழவேற்காட்டுக்கு எதிரே விழுந்து முடிந்த ராக்கெட்டின் துண்டு அங்கே எதற்குப் போகிறது?

உண்மையிலேயே தோற்ற ராக்கெட்டுகளும் உண்டு. 1979 ஆகஸ்ட் 10 அன்று முதல் எஸ்.எல்.வி.-3 கடலில் விழுந்தது. 2006 ஜூலையில் ஜி.எஸ்.எல்.வி. ஒன்று வங்கக் கடலின் மேல் சிதறியது. 2025 மே 18 அன்று பி.எஸ்.எல்.வி.-சி61 மூன்றாம் கட்டத்தில் பழுதானபோது, சிறிது நேரத்துக்குள் இஸ்ரோ தலைவர் நாராயணன் நேரலையிலேயே அதைச் சொன்னார். தோல்வியை நாட்டுக்கு முன்னால் ஒப்புக்கொள்ளும் நிறுவனம், வெற்றியை மட்டும் நடிக்கிறது என்றால் எப்படி நம்புவது? 2017 பிப்ரவரி 15 அன்று ஒரே பி.எஸ்.எல்.வி.யில் 104 செயற்கைக்கோள்கள் போயின. அவற்றில் 88, படமெடுக்கும் ஓர் அமெரிக்க நிறுவனத்தினுடையவை. அந்தப் படங்கள் வந்தன, விற்கவும்பட்டன. கடலுக்கடியிலிருந்து யாரும் வயல்களைப் படமெடுப்பதில்லை.

என் துறையான ஹாம் வானொலியிலிருந்து ஒரு சான்று. ஹாம் வானொலிக்காரர்களுக்காகவே, அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்களுக்காகவே, இந்தியா ஹாம்சாட் என்ற செயற்கைக்கோளை 2005 மே 5 அன்று அனுப்பியது. பி.எஸ்.எல்.வி.-சி6 அதைக் கொண்டுபோனது. அதிலிருந்த இரண்டு கருவிகளில் ஒன்றைச் செய்தவர் நெதர்லாந்து மாணவர் ஒருவர். 2014 வரை பல நாட்டு ஹாம்கள் அதன் வழியே பேசிக்கொண்டார்கள். அவர்கள் இஸ்ரோவின் ஊழியர்கள் அல்ல. சொந்தக் காசில் ஆன்டெனா செய்து, சொந்தக் காதால் கேட்டவர்கள். செயற்கைக்கோள் நம்மை நோக்கி வரும்போது அலைவரிசை சற்று ஏறும், விலகும்போது இறங்கும். 145.800 மெகாஹெர்ட்ஸில் பேசும் சர்வதேச விண்வெளி நிலையத்தைக் கேட்டால் இந்த மாற்றம் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகும். அதிலிருந்து அதன் வேகத்தை நீங்களே கணக்கிடலாம். விநாடிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் வரும். எந்த கிராபிக்ஸும் அந்த ஒலியை உங்கள் மாடிக்குக் கொண்டுவராது.

மற்ற நம்பிக்கைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

நம்பிக்கை: திருநள்ளாறு கோயிலுக்கு மேலே போகும் செயற்கைக்கோள்கள் 3 விநாடி நின்றுவிடுகின்றன, நாசாவே வியந்தது.

உண்மை: அந்த 3 விநாடியில் ஒரு செயற்கைக்கோள் 23 கிலோமீட்டர் கடந்திருக்கும். நின்றால், மறுபடி அந்த வேகத்தைப் பிடிக்க இன்னொரு ராக்கெட் வேண்டும். மனிதர்கள் இருக்கும் விண்வெளி நிலையமும் அந்த வட்டாரத்துக்கு மேலே போகிறது. அது சட்டென்று நின்றால் உள்ளிருப்பவர்கள் உயிரோடு மிஞ்ச மாட்டார்கள். நின்றால் சென்னையிலோ கொழும்பிலோ கேட்டுக்கொண்டிருக்கும் ஹாமின் காதில் அலைவரிசை குதிக்கும். அப்படி எதுவும் குதிப்பதில்லை. சனீஸ்வரரை வணங்குகிறவர்களுக்கு நாசாவின் சான்றிதழ் தேவையில்லை. பக்தியின் பெயரால் பொய்யைப் பரப்புவது கோயிலுக்கும் மரியாதை ஆகாது.

நம்பிக்கை: விண்வெளியில் ஈர்ப்பு விசை இல்லை.

உண்மை: 400 கிலோமீட்டர் உயரத்தில் தரையில் இருப்பதில் ஏறத்தாழ 90 சதவீத ஈர்ப்பு இருக்கிறது. வீரர்கள் மிதப்பது அவர்களும் கலமும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால்.

நம்பிக்கை: ராக்கெட் காற்றைத் தள்ளித்தான் நகர்கிறது, காற்றில்லாத இடத்தில் நகராது.

உண்மை: அது தள்ளுவது தன் வயிற்றிலிருந்து வெளியேறும் வாயுவை. 1920இல் நியூயார்க் டைம்ஸ் இதே தவறைச் செய்து ராபர்ட் கோடார்டைக் கேலி செய்தது. அப்பல்லோ 11 நிலவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த 1969 ஜூலை 17 அன்று திருத்தம் வெளியிட்டது.

நம்பிக்கை: ராக்கெட் விட்டால் மேகம் கலைந்து மழை நின்றுவிடும்.

உண்மை: மழை மேகங்களை உருவாக்குவது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரந்த காற்றமைப்பு. ராக்கெட் அதை ஒரு நிமிடத்தில் கடந்துவிடுகிறது. வானிலைதான் ராக்கெட்டை அச்சுறுத்தும்: 1969 நவம்பரில் அப்பல்லோ 12 கிளம்பிய முதல் நிமிடத்திலேயே இரண்டு முறை மின்னல் தாக்கியது.

நம்பிக்கை: தீபாவளி இரவில் இந்தியா இப்படித்தான் ஒளிர்கிறது என்று ஆண்டுதோறும் வரும் வண்ணப் படம்.

உண்மை: அது பல ஆண்டுகளின் இரவுப் படங்களை ஒன்றாக்கி, 1992, 1998, 2003 ஆகிய ஆண்டுகளில் புதிதாகத் தோன்றிய விளக்குகளுக்கு வெவ்வேறு வண்ணம் கொடுத்த வரைபடம். நகரங்கள் வளர்ந்த கதையைச் சொல்கிறது. பட்டாசுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இந்த வதந்திகளுக்கெல்லாம் மருந்து ஒன்றுதான்: தானே பார்ப்பது, தானே அளப்பது. விண்வெளி நிலையம் உங்கள் ஊருக்கு மேலே எப்போது வரும் என்பதை நாசாவே முன்கூட்டிச் சொல்கிறது. விடியலிலோ அந்தியிலோ அதை வெறும் கண்ணால் பார்க்கலாம். கடிகாரத்தோடு மாடிக்குப் போங்கள். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஐந்தாறு நிமிடத்தில் கடந்துவிடும். அருகில் பார்க்க விரும்புவோருக்கு 2019 முதல் ஸ்ரீஹரிகோட்டாவில் பொதுமக்களுக்கான பார்வையாளர் மாடம் இருக்கிறது. முன்பதிவு செய்துவிட்டுப் போகலாம்.

பள்ளிகளிடம் எனக்கு இதைவிடப் பெரிய கோரிக்கை உண்டு. ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் ஒரு ஹாம் வானொலி மன்றம் வேண்டும். 12 வயது நிரம்பியவர்கள் உரிமத் தேர்வு எழுத நம் நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. அந்தச் செய்தி எத்தனை தலைமை ஆசிரியர்களுக்குத் தெரியும்? 2025 ஜூலையில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்திலிருந்து ஹாம் வானொலி வழியாகவும் இந்திய மாணவர்களோடு பேசினார். அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கிய அனுசாட் 2009 ஏப்ரலிலேயே சுற்றுப்பாதைக்குப் போய்விட்டது. கல்லூரி மாணவர்களுக்குக் கைவந்தது பள்ளிப் பிள்ளைகளுக்கும் வரும். ஒரு கையடக்கக் கருவி, அலுமினியக் கம்பியில் செய்த ஓர் ஆன்டெனா, ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் இருந்தால் தொடங்கிவிடலாம். ஆண்டு விழா மேடைக்குச் செலவிடுவதில் ஒரு பகுதி போதும்.

முதலில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டப் பள்ளிகளில் தொடங்குங்கள். குலசேகரன்பட்டினத்திலிருந்து ராக்கெட்டுகள் கிளம்பத் தொடங்கியதும், அவையும் கடல் மேல் சாய்ந்து அடிவானத்தில் மறையும். அன்றைக்கு அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப் வந்து விளக்கம் சொல்லக் கூடாது. ராக்கெட் போன பாதையையும் அது கொண்டுபோன செயற்கைக்கோள் திரும்பி வரும் நேரத்தையும் அவர்களே கணக்கிட்டுத் தங்கள் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். அதற்கான பாடத்தை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.