துணி போர்த்திய மாதிரி விமானங்களை அழுக்கும் கறையும் படியாமல் காப்பது எப்படி?

(பத்தாம் வகுப்பு மாணவி)



நம் திசையன்விளையில் பிறந்தவர்களுக்குத் தேரிச் செம்மண்ணைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வெள்ளைச் சீருடையில் அது ஒருமுறை ஏறிவிட்டால், நம் தாய்மார்கள் எவ்வளவு துவைத்தாலும் மங்கலான சிவப்பு நின்றுவிடும். சீருடையையாவது துவைக்கலாம். ஆனால் மெல்லிய பட்டுத்துணி ஒட்டிய ஒரு மாதிரி விமானத்தின் இறக்கையைத் துவைக்க முடியுமா? முடியாது. ஆகையால் அதில் அழுக்குப் படியாமல் முன்கூட்டியே காப்பதுதான் வழி. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானம் செய்வது ஒரு பயிற்சியாகவே உள்ளது. அறிவியல் கண்காட்சிகளிலும் இவை இடம்பெறுகின்றன. எனவே இதைப் பற்றி அறிவது நமக்குப் பயன் தரும்.

விமானத்திற்குத் துணி எதற்கு?

எடை குறைவாக இருக்க வேண்டும், உறுதியாகவும் இருக்க வேண்டும் என்பதே பறக்கும் பொருளின் முதல் விதி. 1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்தின் இறக்கைகள், மரச் சட்டத்தின் மேல் மஸ்லின் என்னும் பருத்தித் துணி போர்த்தியவை. முதல் தடவை அது 12 விநாடிகளில் 120 அடி தூரம் பறந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த புஸ் மாத் விமானமும் துணி போர்த்தியதே. அங்கிருந்து அத்தபாலை நெவில் வின்சென்ட் சென்னைக்குக் கொண்டுவந்தார். 1936-இல், தம் 21-ஆம் வயதில், விமானம் ஓட்டும் உரிமம் பெற்ற சரளா தக்ரால் என்ற பெண்மணி ஓட்டிய ஜிப்ஸி மாத் விமானத்துக்கும் துணி இறக்கைகள்தாம். பெங்களூரில் தயாராகி 1958-இல் முதன்முதலாகப் பறந்த புஷ்பக் விமானமும் அவ்வகையே.

மாதிரி விமானத்தில் பால்சா என்னும் மிக இலேசான மரத்தால் சட்டம் அமைத்து, அதன்மேல் மெல்லிய பட்டுத்துணி அல்லது டிஷ்யூ தாளைப் பசையால் ஒட்டுவார்கள். பிறகு தண்ணீரைத் தூவலாகத் தெளித்தால் காயும்போது துணி இறுகி, மேளத்தோல் போல் விறைப்பாகும்.

அழுக்கு என்பது எடை

அழுக்கினால் அழகு கெடுவது மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. நாம் பாடத்தில் படிக்கும் திருப்புத்திறன் கோட்பாட்டை இங்கே பொருத்திப் பார்ப்போம். ஒரு மாதிரி விமானத்தின் சமநிலைப் புள்ளியிலிருந்து மூக்கு 10 செ.மீ. தூரத்திலும், வால் 40 செ.மீ. தூரத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாலில் 2 கிராம் எண்ணெயும் மண்ணும் சேர்ந்தால், அதை ஈடுசெய்ய மூக்கில் 8 கிராம் ஈயம் வைக்க வேண்டும். மொத்தம் 10 கிராம் வீண் சுமை! விமானத்தின் எடையே 100 கிராம் என்றால், அதில் பத்தில் ஒரு பங்கு இது. ஈயம் வைக்காமல் விட்டாலோ, வால் தாழ்ந்து, மூக்கு மேலே தூக்கி, வேகம் குன்றி விமானம் விழும். பல நாள் உழைப்பு ஒரு நொடியில் சுக்கு நூறாகும்.

நம் ஊரின் மூன்று பகைவர்கள்

முதலாவது, தேரி மணல். இதன் சிவப்பு நிறம் மணல் துகள்களின் மேல் படிந்துள்ள இரும்பு ஆக்ஸைடால் வருவது. உள்ளே இருப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். அது கண்ணாடியையே கீறக்கூடியது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்கிறதோ இல்லையோ, தேரி மணல் பறப்பதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம்.

இரண்டாவது, உவரிப் பக்கமிருந்து வரும் கடற்காற்று. அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரம் தங்கிய துணியில் பூஞ்சணம் பிடித்துக் கரும்புள்ளிகள் தோன்றும்.

மூன்றாவது, எண்ணெய். சிறிய எஞ்சின் பொருத்திய விமானங்களின் எரிபொருளில் ஆமணக்கெண்ணெய் கலப்பது வழக்கம். அது முழுவதும் எரியாமல் பின்னால் தெறித்து வால்வரை படியும்; அதன்மேல் மணல் ஒட்டும். இக்காலத்தில் பல மாதிரி விமானங்கள் மின்மோட்டாரால் பறப்பதால் இத்தொல்லை குறைந்துள்ளது. ஆயினும் நம் கையில் உள்ள எண்ணெய் போகவில்லையே! தலைக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்துப் பின்னலைத் தொட்ட கையோடு துணியைத் தொட்டால், அந்த இடத்தில் பசையும் பிடிக்காது, பூச்சும் பிடிக்காது. ஆகவே வேலை தொடங்குமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதே முதல் பாடம்.

துவாரத்தை அடைப்பதே காவல்

துணி என்பது ஊடும் பாவும் கலந்த வலை. அதன் கண்கள் திறந்திருக்கும்வரை தூசியும் எண்ணெயும் உள்ளே இறங்கும். உள்ளே இறங்கிய கறையை எவராலும் எடுக்க இயலாது. எனவே போர்த்திய உடனே ‘டோப்’ என்னும் தெளிந்த பூச்சை மெல்லியதாக இரண்டு மூன்று முறை பூச வேண்டும். அது காய்ந்ததும் கண்கள் அடைபட்டு வழவழப்பான தோல் போலாகிவிடும். எஞ்சின் விமானமானால், எரிபொருள் தாங்கும் வார்னிஷ் ஒன்றையும் அதன்மேல் பூச வேண்டும். ஏனெனில் எரிபொருளில் உள்ள மெத்தனால், சாதாரண டோப்பைக் கரைத்துவிடும்.

டோப் எளிதில் தீப்பற்றும். அதன் நெடியும் தீங்கானது. பெரியவர் ஒருவர் துணையுடன், ஜன்னல்கள் திறந்த இடத்தில், அடுப்பும் விளக்கும் அருகில் இல்லாமல் பூசுக.

மழை நாளிலோ, ஈரக்காற்று வீசும்போதோ பூசினால் பனி படர்ந்தாற்போல வெள்ளைக் கறை தோன்றும். பூச்சிலுள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அதில் படிகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் ஆவியாதலால்தானே! எனவே வெயில் ஏறிய, காற்றடங்கிய, வறண்ட வேளையே பூச்சுக்கு ஏற்றது.

துடைக்கும் முறை

1. மணல் படிந்திருந்தால் துணியால் துடைக்கவே கூடாது. அது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். மென்மையான வர்ணத் தூரிகையால் தட்டிவிடுக. அல்லது சைக்கிள் பம்பைத் தூரத்தில் பிடித்து ஊதுக.

2. பூச்சு உள்ள பகுதியில் எண்ணெய் படிந்தால், அன்றைக்கே சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். பட்டுச்சேலைக்குப் பயன்படுத்தும் பூந்திக்கொட்டை நீரும் நல்லது. பிறகு வெறும் நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி, நிழலில் உலர்த்துக.

3. பூச்சு இல்லாத துணியில் எண்ணெய் பட்டால் தண்ணீர் வேண்டாம். முகப்பவுடரை மேலே தூவி, ஓர் இரவு விட்டு, தூரிகையால் தட்டுக. அப்படியும் போகாவிட்டால் அந்தக் கட்டத்தை மட்டும் வெட்டி எடுத்துப் புதுத் துண்டு ஒட்டுவதே மேல்.

4. தின்னரைக் கறை போக்கப் பயன்படுத்தினால் கறையோடு பூச்சும் போய்விடும்.

வைக்கும் முறை

கடும் வெயில் துணியை நைந்துபோகச் செய்யும். நிழலான அறையில், பழைய வேட்டித் துணியால் மூடி, கயிற்றில் தொங்கவிட வேண்டும். மைதாப் பசையைத் தேடிப் பூச்சிகளும் எலியும் வரும் என்பதால் தரையில் வைப்பது ஆபத்து. கண்காட்சியில் கைக்கெட்டாத உயரத்தில் கட்டுவது நலம். பார்க்க வருகிறவர்கள் தொட்டுப் பார்க்காமல் போவதில்லை!

ஒரு துணியின் கதை

ரைட் சகோதரர்களின் விமானத் துணிக்கு எந்தப் பூச்சும் பூசப்படவில்லை. 1913 மார்ச் மாதம் டேட்டன் நகரில் பெருவெள்ளம் வந்தபோது, பெட்டிகளில் அடைத்து வைத்திருந்த அவ்விமானம் 11 நாட்கள் நீரிலும் சேற்றிலும் கிடந்தது. பின்னர் 1927-இல் ஆர்வில் ரைட் அதற்குப் புதுத் துணி போர்த்தினார். 1985-இல் மீண்டும் துணி மாற்றப்பட்டது. ஆயினும் பழைய துணியின் துண்டுகளை எறிந்துவிடவில்லை. 1969-இல் நீல் ஆம்ஸ்ட்ராங் ஒரு துண்டைச் சந்திரனுக்கு எடுத்துச் சென்றார். 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாய்க் கிரகத்தில் பறந்த இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரிலும், தபால்தலை அளவுள்ள ஒரு துண்டு கட்டப்பட்டிருந்தது.

முடிவுரை

அழுக்குப் பட்டபின் தேய்ப்பதைவிட, படுமுன் காப்பதே அறிவுடைமை. கழுவிய கை, அடைத்த துவாரம், மென்மையான தூரிகை, நிழலான இடம் – இவை நான்கும் இருந்தால் துணி இறக்கை பல ஆண்டுகள் உழைக்கும். நம் பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று ராக்கெட் ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டுள்ளது. அங்கே பணியாற்ற நம்மில் சிலர் செல்லக்கூடும். ஒரு கிராம் அழுக்கையும் கணக்கில் எடுக்கும் பழக்கத்தை இப்பொழுதே, ஒரு சிறு மாதிரி விமானத்திடம் கற்றுக்கொள்வோமாக!