நெய்க்கு 12 சதவீதம் போட்டது யார்?

கிட் பிளேம் போட்டுப் பார்த்தால் அந்த கோட் வரியில் என் பெயர்தான் இருக்கிறது. அதை இனி மாற்ற முடியாது. ஆனால் அந்த வரி எப்படி வந்தது என்பதைச் சொல்லலாம். ஏஐ உதவியாளருக்கு ப்ராஜெக்ட் விவரங்களைத் தானாக லோட் செய்துவைக்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

எங்களுடையது சூப்பர் மார்க்கெட் பில்லிங் மென்பொருள். பயன்படுத்துவது கிளாட் கோட். புது செஷன் திறக்கும்போதெல்லாம் "டெஸ்ட்டை இப்படி ஓட்டு, பழைய மைக்ரேஷனைத் தொடாதே" என்று ஒப்பித்துச் சலித்துப்போய்த்தான் இதில் இறங்கினேன். செட்டப் செய்ய அதிக நேரம் ஆகாது. இனிட் கட்டளை கொடுத்தால் அதுவே கோடை மேய்ந்து கிளாட்.எம்டி என்ற ஃபைலை எழுதித் தரும். பாதியை வெட்டி எறிந்துவிட்டு ரூட் ஃபோல்டரில் வைத்து கமிட் செய்துவிடுங்கள். அடுத்த செஷனிலிருந்து தானாக உள்ளே போய்விடும். கோடெக்ஸ் என்றால் ஏஜென்ட்ஸ்.எம்டி, ஜெமினி சிஎல்ஐ என்றால் ஜெமினி.எம்டி.

நான் எழுதியது ஒரே திரையில் அடங்கும். டெஸ்ட் ஓட்டும் கட்டளை, பணம் எப்போதும் பைசாவில் முழு எண்ணாக, தொடக்கூடாத ஃபோல்டர்கள், அவ்வளவுதான். டீம் லீடுக்கு அது போதவில்லை.

"இவ்ளோ பெரிய கான்டெக்ஸ்ட் விண்டோவ சும்மாவா வச்சிருக்கீங்க? டாக்ஸ் ஃபோல்டர் முழுசையும் உள்ள போடுங்க."

"சார், அதுல பாதி பழசு."

"எது பழசு, எது புதுசுன்னு அதுக்கே தெரியும்ங்க."

கிளாட்.எம்டியில் அட் குறி போட்டு ஒவ்வொரு டாக்குமென்ட்டாக இறக்குமதி செய்தேன்.

அதில் ஒன்று வரிவிகிதக் குறிப்பு. ஜிஎஸ்டி 5, 12, 18, 28 என நான்கு அடுக்கு; வெண்ணெய்க்கும் நெய்க்கும் 12. எழுதிய காலத்தில் அது சரி. 2025 செப்டம்பர் 22 முதல் அடுக்குகள் மாறின, நெய் 5 சதவீதத்துக்கு இறங்கியது. டேட்டாபேஸில் உடனே மாற்றிவிட்டோம், பில் ஒழுங்காகப் போனது. குறிப்பை மட்டும் யாரும் தொடவில்லை. அதைப் படிக்க ஆளே இல்லை என்று நினைத்திருந்தோம். உதவியாளர் ஒவ்வொரு செஷனிலும் முதல் வேலையாக அதைத்தான் படித்துக்கொண்டிருந்தது.

பிறகு விற்பனை ரிட்டர்னுக்கு ஒரு மாட்யூல் எழுதினோம். அசல் பில்லில் உள்ள வரியை எடுத்திருந்தால் போதும். குறிப்பில் விகிதம் தயாராக இருக்கவே, உதவியாளர் அதை அப்படியே கோடில் எழுதிவிட்டது. டெஸ்ட்டையும் அதே 12-ஐ வைத்தே எழுதியது. எல்லாம் பச்சை. ரிவ்யூ பார்த்து அப்ரூவ் கொடுத்தவரும் லீட்தான்.

இது ஏன் உடனே தெரியவில்லை என்றால், எம்ஆர்பி விலையில் வரியும் அடக்கம். 630 ரூபாய் நெய்யை 5 சதவீதத்தில் விற்றால் வரிக்கு முந்தைய மதிப்பு 600, வரி 30. அதையே 12 சதவீதத்தில் திருப்பினால் 562.50-ம் 67.50-ம். இரண்டுக்கும் கூட்டுத்தொகை அதே 630. வாடிக்கையாளருக்குப் பணம் சரியாகத் திரும்பக் கிடைக்கிறது, கல்லாவும் சரியாக இருக்கிறது. கடைக்காரரின் ஆடிட்டர் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்ய உட்கார்ந்தபோதுதான், திரும்பி வந்த சரக்குக்கான கிரெடிட் நோட்டில் வரி கூடுதலாக நிற்பது தெரிந்தது. மீட்டிங்கில் கேள்வி என்னிடம்தான் வந்தது. ஏஐயை நம்பி கமிட் செய்தேனாம். அதற்குப் பழைய பாடப்புத்தகத்தைக் கொடுத்துப் பரீட்சை எழுதச் சொன்னது யார் என்று அங்கே கேட்க முடியவில்லை.

உங்கள் டீமிலும் இப்படி ஒரு டாக்ஸ் ஃபோல்டர் கட்டாயம் இருக்கும். இறக்குமதி செய்தால் இடம் மிச்சமாகும் என்று நினைக்காதீர்கள். அத்தனையும் செஷன் தொடக்கத்திலேயே முழுதாக ஏறிவிடும். ஒரு பகுதிக்கு மட்டும் உரிய குறிப்பை அந்தப் பகுதியின் சப்ஃபோல்டரில் தனி கிளாட்.எம்டியாக வையுங்கள், அங்குள்ள ஃபைலைத் திறக்கும்போது மட்டும் வரும். மெமரி கட்டளை எந்தெந்த ஃபைல் உள்ளே வந்திருக்கிறது என்று காட்டும், கான்டெக்ஸ்ட் கட்டளை எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும். இரண்டையும் அவ்வப்போது போட்டுப் பாருங்கள்.

மாறக்கூடிய எதையும் ஃபைலில் எழுதவே கூடாது. அதற்கு செஷன்ஸ்டார்ட் ஹூக் இருக்கிறது. செஷன் தொடங்கும்போது ஒரு ஸ்கிரிப்ட் ஓடும், அது அச்சிடுவது கான்டெக்ஸ்டில் சேரும். எங்கள் ஸ்கிரிப்ட் இப்போது வரிவிகித டேபிளை டேட்டாபேஸிலிருந்து நேராக எடுத்துக் காட்டுகிறது. ஃபைலில் "தொடாதே" என்று எழுதுவது வேண்டுகோள் மட்டுமே, பல நேரம் கேட்கும், சில நேரம் கேட்காது. கட்டாயம் தடுக்க வேண்டியதை ப்ரீடூல்யூஸ் ஹூக்கில் வையுங்கள்; ஸ்கிரிப்ட் எக்ஸிட் கோட் 2 கொடுத்தால் அந்த வேலை அங்கேயே நின்றுவிடும்.

உங்கள் லீடும் முழு ஃபோல்டரையும் உள்ளே போடச் சொல்வார். ஒவ்வொரு டாக்குமென்ட்டின் கடைசி கமிட் தேதியையும் எடுத்து அவர் முன் வையுங்கள். பார்த்த பிறகும் போடச் சொன்னால், அந்த கமிட்டை அவரையே செய்யச் சொல்லுங்கள்.