ஆலைக் கணினிகளுக்கு எந்த நேர சர்வர்? டிஃபால்ட் தேர்வுக்கு ஒரு வழிகாட்டி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ காக்களூர் சிட்கோவிலோ உள்ள ஒரு நடுத்தர ஆலையில் எத்தனை கடிகாரங்கள் ஓடுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். வாசலில் கைரேகை வருகைப்பதிவு, எடைமேடைக் கணினி, சிசிடிவி பதிவுப்பெட்டி, இ-வே பில் போடும் கணினி, உலை வெப்பத்தைப் பதியும் பிஎல்சி. விபத்து நடந்தால் எது முன்னால், எது பின்னால் என்று இந்தப் பதிவுகள்தான் சொல்ல வேண்டும். ஷிஃப்ட்டுக்கு வந்தவர் தாமதமா இல்லையா என்பதையும் இவைதான் முடிவு செய்கின்றன.

கணினியின் உள்கடிகாரம் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிசகினாலே நாளொன்றுக்கு 1.7 வினாடி தவறும். ஒரு மாதத்தில் 50 வினாடியைத் தாண்டிவிடும். அதனால்தான் இயங்குதளம் இணையத்தில் ஒரு நேர சர்வரைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. எந்த சர்வர் என்ற அமைப்பைப் பெரும்பாலானோர் திறந்தே பார்ப்பதில்லை. எல்லாக் கணினிக்குமான லினக்ஸ் இமேஜைத் தயாரிப்பவர் எழுதும் ஒரு வரியே அத்தனை பேருக்கும் நேரம் ஆகிறது. அந்தப் பொறுப்பு உங்களுடையது என்றால், இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. கணினிகளைப் பிரியுங்கள்

மூன்று பட்டியல் போடுங்கள்: ஆலைக்குள்ளேயே இருக்கும் கணினிகள், வெளியே எடுத்துச் செல்லும் லேப்டாப்கள், இணையமே இல்லாத பிஎல்சி வலையமைப்பு. மூன்றுக்கும் ஒரே டிஃபால்ட் பொருந்தாது. விண்டோஸ் டொமைனில் சேர்ந்த கணினிகள் டொமைன் கன்ட்ரோலரிடமே நேரம் வாங்கும். அங்கே கன்ட்ரோலரைச் சரிசெய்தால் போதும்.

2. நேரத்தின் மூலத்தை முடிவு செய்யுங்கள்

1802இல் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்காம் கணித்த மதராஸ் நேரம், கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முன்னால் இருந்தது. நாட்டின் ரயில்கள் பிறகு அந்த நேரத்தில்தான் ஓடின. 1906 ஜனவரி 1 முதல் இந்தியத் திட்ட நேரம் வந்தது. இன்று அதைப் பேணுவது புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம், அதாவது என்பிஎல்.

2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, நிறுவனங்களும் டேட்டா சென்டர்களும் அரசு அலுவலகங்களும் தேசிய தகவலியல் மையம் (என்ஐசி) அல்லது என்பிஎல் நேர சர்வருடன், அல்லது அவற்றை மூலமாகக் கொண்ட சர்வருடன், கடிகாரங்களை இணைக்கச் சொல்கிறது. லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும்; சைபர் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆகவே ஆலைக்கு முதல் மூலங்கள் இவை: டைம்.என்பிஎல்இந்தியா.ஆர்க், சமய்1.என்ஐசி.இன், சமய்2.என்ஐசி.இன்.

3. ஒன்றை மட்டும் நம்பாதீர்கள்

ஒரே சர்வர் என்றால் அது தவறினால் எல்லாம் தவறும். இரண்டு இருந்து அவை முரண்பட்டால், எது சரி என்று தெரியாது. மூன்று இருந்தால் பெரும்பான்மை கிடைக்கும். நான்கு இருந்தால் ஒன்று படுத்தாலும் அந்தப் பெரும்பான்மை நிற்கும். ஆனால் சமய்1, சமய்2 இரண்டும் ஒரே நிறுவனத்துடையவை, சேர்ந்தே பிசகலாம். பணம் இருந்தால் நாவிக் அல்லது ஜிபிஎஸ் ரிசீவர் ஒன்றைக் கூரையில் பொருத்தி நான்காவதாகச் சேருங்கள்.

4. அனுமதி வாங்குங்கள், ஐபி எண்ணைப் பதிக்காதீர்கள்

நெட்கியர் தயாரித்த லட்சக்கணக்கான ரூட்டர்களில் விஸ்கான்சின் பல்கலைக்கழக நேர சர்வரின் ஐபி முகவரி நேரடியாகப் பதிக்கப்பட்டிருந்தது 2003இல் தெரியவந்தது. பதில் வராவிட்டால் அவை வினாடிக்கொரு முறை திரும்பக் கேட்டன. பல்கலைக்கழக வலையமைப்பு திணறியது. பெயரை மட்டும் எழுதியிருந்தால் டிஎன்எஸ்ஸில் மாற்றி விட்டிருக்கலாம்.

வெளியே செல்லும் லேப்டாப்களுக்கு, 2003 முதல் தன்னார்வலர்களால் நடக்கும் என்டிபி பூல் என்ற பொது நேர சர்வர் தொகுப்பு உதவும். இந்தியாவுக்கென்று தனி மண்டலமும் அதில் உண்டு. ஆனால் உங்கள் இமேஜை மற்றவர்களுக்கும் விற்கப் போகிறீர்கள் என்றால் பூலின் பொதுப் பெயரை டிஃபால்ட்டாக வைக்கக் கூடாது. தயாரிப்பாளருக்கான தனி மண்டலம் கேட்டு வாங்க வேண்டும். டெபியன் அப்படித்தான் தன் பெயரில் வைத்திருக்கிறது.

5. லீப் வினாடி வழக்கத்தைப் பாருங்கள்

கடைசி லீப் வினாடி 2017 ஜனவரி 1 காலை, இந்திய நேரப்படி 5:30க்குச் சற்று முன் சேர்ந்தது. கூகுளின் நேர சர்வர்கள் லீப் வினாடியை 24 மணி நேரத்தில் பரப்பிக் கொடுக்கின்றன. மற்ற சர்வர்களில் பெரும்பாலானவை அப்படிச் செய்வதில்லை. இரண்டு வகையையும் ஒரே பட்டியலில் கலந்தால் லீப் வினாடி வரும் நாளில் அரை வினாடி வரை முரண்படும். கூகுளை வைத்தால் கூகுளை மட்டும் வையுங்கள்.

6. ஆலைக்குள் ஒரு நேர சர்வர் நிறுவுங்கள்

எல்லாக் கணினிகளும் தனித்தனியே தில்லியைக் கேட்க வேண்டியதில்லை. எப்போதும் ஓடும் இரண்டு லினக்ஸ் கணினிகளில் க்ரோனி என்ற நேர ஒத்திசைவு மென்பொருளை நிறுவி, 2ஆம் படியின் மூலங்களைச் சேருங்கள். ஃபயர்வாலில் யுடிபி 123ஐ அவ்விரண்டுக்கு மட்டும் வெளியே திறங்கள். பதில் சொல்லும் அனுமதி உள் வலையமைப்புக்கு மட்டும் இருக்கட்டும். வெளியுலகுக்குத் திறந்து கிடந்த என்டிபி சர்வர்களைத்தான் 2014இல் பெரும் தாக்குதல்களுக்குப் பயன்படுத்தினார்கள். மற்ற லினக்ஸ் கணினிகளுக்கு டிஎச்சிபி ஆப்ஷன் 42 வழியாக இந்த இரண்டு உள் சர்வர்களின் முகவரியைக் கொடுங்கள். டொமைனில் சேராத விண்டோஸ் கணினி, கேமரா, வருகைப்பதிவு எந்திரம், பிஎல்சி ஆகியவற்றில் கையால் பதியுங்கள்.

7. கணினியின் முதல் தொடக்கத்தைக் கவனியுங்கள்

மதர்போர்டு பேட்டரி தீர்ந்த கணினி பல ஆண்டு பின்தங்கிய தேதியுடன் எழும். இணையதளச் சான்றிதழ்கள் செல்லாது என்று மறுக்கும். க்ரோனியின் மேக்ஸ்டெப் கட்டளையை வைத்தால் தொடக்கத்தில் ஒரே தாவலில் நேரத்தைச் சரிசெய்யும். பிறகு மெல்ல மெல்லத் திருத்தும். விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்துள்ள கணினியில் இன்னொரு சிக்கல் உண்டு. விண்டோஸ் உள்கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதும். லினக்ஸ் அதையே உலகப் பொது நேரமாகப் படித்து ஐந்தரை மணி முன்னால் காட்டும். விண்டோஸையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

8. சோதியுங்கள், எழுதி வையுங்கள்

க்ரோனியின் சோர்சஸ் கட்டளையில் தேர்ந்தெடுத்த மூலத்தின் முன் நட்சத்திரக் குறி தெரிய வேண்டும். ட்ராக்கிங் கட்டளையில் விலகல் சில மில்லிவினாடிக்குள் இருப்பது நல்லது. பிறகு இணையக் கேபிளைக் கழற்றி, உள் சர்வர் தொடர்ந்து பதில் தருகிறதா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை கேமரா, எடைமேடை, வருகைப்பதிவு மூன்றையும் ஒரே நேரத்தில் பார்த்து ஒப்பிடுங்கள்.

எந்த சர்வரைத் தேர்ந்தீர்கள், ஏன், மாற்ற வேண்டுமானால் எந்தக் கோப்பில் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி, அதை ஐடி அறையிலும் வருகைப்பதிவு எந்திரத்தின் பக்கத்திலும் ஒட்டுங்கள். இரண்டு நிமிடத் தாமதத்துக்குச் சம்பளம் பிடிக்கப்படும் தொழிலாளிக்கு, அந்த இரண்டு நிமிடம் யாருடைய கடிகாரத்தில் என்று கேட்க உரிமை உண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் சுவரிலேயே இருக்கட்டும்.