நாம் போட்ட பெயர்கள்

அன்புள்ள தம்பி,

ஆபீஸில் சொல்லிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன்னால் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்கிறேன்.

1988. ஒரு நாளிதழின் டெஸ்க்கில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் போலீஸ் பிடித்த நான்கு ஆண்களைப் பற்றி, இரவு பதினொரு மணிக்கு மேல் நிருபர் போனில் செய்தி சொன்னார். பெயர், வயது, அப்பா பெயர், தெரு எல்லாம் எழுதிக்கொண்டேன். 'அசிங்கம்' என்ற சொல்லைப் போட்டுத் தலைப்பு வைத்தவனும் நான்தான். அதே இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். பக்கத்து நாற்காலிக்காரருக்கு என்மேல் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்றுதான் அந்தச் சொல்லைப் போட்டேன். மறுநாள் ஒரு பையன் வாசலில் வந்து நின்று, அண்ணன் இன்னும் வீட்டுக்கு வரவில்லை என்றான். பிறகு என்ன ஆனது என்று நான் விசாரிக்கவே இல்லை. விசாரிப்பதுதான் என் தொழில்.

1860இல் வெள்ளைக்காரர்கள் இயற்றிய தண்டனைச் சட்டத்தில் நம் உறவைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவு அப்போது உயிரோடு இருந்தது. ஆனால் அந்த நால்வரை ஊருக்குக் காட்டிக்கொடுத்தது சட்டம் இல்லை, நாங்கள் அடித்த பக்கம்.

பத்திரிகைக்காரர் அசோக் ராவ் கவி 1990இல் பம்பாயில் நம்மைப் போன்றவர்களுக்காக 'பாம்பே தோஸ்த்' இதழைத் தொடங்கினார். அதன் ஒரு பிரதி எப்படியோ என் கைக்கு வந்தது. வார இதழ் ஒன்றுக்குள் மறைத்து, மொட்டை மாடியில் உட்கார்ந்து படித்தேன். நம்மைப் பற்றி நாமே எழுதலாம் என்பது அன்றுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த 377இலிருந்து நம்மை விடுவித்தது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திரும்பப் பூட்டியது. இரண்டு நாளும் டெஸ்க்கில் இருந்தேன், வாய் திறக்கவில்லை. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றமே நம்மை விடுவித்துத் தீர்ப்பு சொன்னபோது, தலைப்பில் 'ஓரினச்சேர்க்கையாளர்' என்று இருந்தது. அந்தச் சொல்லுக்கு உடம்பு மட்டும்தான் தெரியும், மனசு தெரியாது. அடித்துவிட்டு 'தன்பாலீர்ப்பாளர்' என்று எழுதினேன். வாசகருக்குப் புரியாதே என்றார் தலைமை உதவி ஆசிரியர். "சார், அது நான்தான்" என்றேன். அப்போது எனக்கு 54 வயது. யாரும் எதுவும் பேசவில்லை. லே-அவுட் பையன் டீ வாங்கப் போனான். எனக்கும் சேர்த்து வாங்கிவந்தான்.

இன்று உனக்குச் சொல்லுக்கான அந்தப் போராட்டம் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் எடுத்துக்கொண்ட அக்கறையால், எந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்று 2022இல் தமிழக அரசே சொற்பட்டியல் வெளியிட்டுவிட்டது. அதை மேசையில் வைத்துக்கொள்.

சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். வாடகை வீடு, அம்மாவின் உடல்நிலை, நிரந்தரமாகாத வேலை எல்லாம் உனக்குத்தான் தெரியும். அவசரப்படாதே, என் அளவுக்குத் தாமதிக்கவும் செய்யாதே. ஆனால் உன் பயத்தைச் செய்தி எழுத விடாதே. நான் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. நீ அனுப்பிய கட்டுரையைப் படித்தேன், நன்றாக வந்திருக்கிறது. அதன் இரண்டாம் பத்தியில் நீ எழுதியிருக்கும் பையன் குடியிருக்கும் தெருவின் பெயர் இருக்கிறது. அதை எடுத்துவிட்டுக் கொண்டு வா.

அன்புடன்,
அண்ணன்