மாங்காயும் வெல்லமும் சரிக்குச் சரி

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் கோலார் தங்கவயலில் மாங்காய் மலிந்துவிடும். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டிலும் ஆண்டர்சன்பேட்டைத் தெருக்களிலும் தள்ளுவண்டி நிறைய மாங்காய் நிற்கும். அதில் பெரும்பாலும் தோத்தாபுரிதான். இந்தியில் தோதா என்றால் கிளி. காயின் நுனி கிளியின் மூக்குப் போல வளைந்திருக்கும். தமிழில் கிளிமூக்கு மாங்காய் என்கிறோம்.

இந்தக் காய் எங்கே விளைகிறது? நம் கோலார் மாவட்டத்திலேயே விளைகிறது. ஸ்ரீனிவாசபுரம் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய வரை மாந்தோப்புதான். அங்கே விளையும் தோத்தாபுரியில் பெரும்பங்கு பழக்கூழ் செய்யப் போகிறது. கூழ் எடுக்கும் தொழிற்சாலைகள் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் அதிகம். 2025 ஜூன் மாதத்தில் விளைச்சல் மிகுந்து விலை சரிந்தது. கர்நாடகத் தோத்தாபுரி உள்ளே வரக்கூடாது என்று சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. கோலார் விவசாயிகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள்.

விளைவித்தவருக்கு விலை கிடைக்காத அந்த நாட்களில், வாங்குகிறவருக்குக் காய் மலிவு. மலிவான நாளில் வாங்கிப் பல மாதம் வைத்துச் சாப்பிட வழி உண்டா? உண்டு. இனிப்பு ஊறுகாய் அதற்கு ஒரு வழி.

மாரிகுப்பத்தில் ஒரு லைன் வீடு. சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளிகளுக்குக் கட்டிய வீடு அது. அந்த வீட்டு மாமனார் சுரங்கத்தில் வேலை செய்தவர். 2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. இப்போது மகன் பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போகிறான். இருட்டோடு கிளம்பினால் இருட்டோடுதான் திரும்புவான். தினமும் டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். சப்பாத்தி என்றாலும் தயிர்சாதம் என்றாலும் ஓரத்தில் கொஞ்சம் ஊறுகாய் இருந்தால் போதும்.

போன வருடம் மருமகள் இனிப்பு மாங்காய் ஊறுகாய் போட்டாள். கிலோ கணக்கில் மாங்காய் வாங்கினாள். வெல்லம் விலை அதிகமாக இருந்தது. பாதி போட்டால் போதும் என்று நினைத்தாள். பத்தே நாள். ஜாடியைத் திறந்தால் நுரை. புளித்த கள் வாசனை. மேலே வெள்ளையாகப் பூசணம்.

"அத்தை, மேலே இருக்கிறதை எடுத்துப் போட்டுட்டு அடியில இருக்கிறதைச் சூடு பண்ணிடலாமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்மா. காசு போனது போகட்டும். அதைச் சாப்பிட்டு வயித்துக்கு ஏதாவது வந்தா யாரு ஆஸ்பத்திரிக்கு அலையறது?" என்றார் மாமியார்.

மாமியார் சொன்னதுதான் சரி. பூசணம் மேலே தெரிந்தாலும் அதன் வேர் உள்ளே ஓடியிருக்கும். அது விடும் நஞ்சு சூட்டில் முழுதாகப் போகாது. அவ்வளவையும் கொட்டத்தான் வேண்டும்.

ஏன் கெட்டது? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் காற்றிலும் கையிலும் கரண்டியிலும் இருக்கின்றன. அவை பெருகத் தண்ணீர் வேண்டும். உப்பு ஊறுகாயில் உப்பு அந்தத் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. இனிப்பு ஊறுகாயில் உப்பு குறைவு. அந்த வேலையை வெல்லம்தான் செய்ய வேண்டும். இங்கே வெல்லம் ருசிக்கு மட்டும் அல்ல, காவலுக்கும்தான். காவலைப் பாதியாகக் குறைத்தால் திருடன் வந்துவிடுவான். பாதி வெல்லம் போட்ட ஊறுகாய்க்கு நேர்ந்தது இதுதான்.

இந்த வருடம் மாமியாரும் மருமகளும் சேர்ந்து செய்தார்கள். இரண்டு கிலோ மாங்காய். தோலும் கொட்டையும் போக ஒன்றேகால் கிலோ துண்டு நின்றது. வெல்லமும் ஒன்றேகால் கிலோ. மாங்காயை முழுதாக நிறுக்கக் கூடாது. தோல் சீவி நறுக்கிய பிறகு நிறுக்க வேண்டும். ஒரு கிலோ துண்டுக்கு ஒரு கிலோ வெல்லம். இந்த அளவை மட்டும் மாற்றாதீர்கள். காரம், மணம் எல்லாம் அவரவர் விருப்பம்.

மாங்காயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மெல்லிய துண்டாக நறுக்கினார்கள். ஒரு கிலோவுக்கு 50 கிராம் உப்பு என்ற கணக்கில் பிசறி ஒரு மணி நேரம் வைத்தார்கள். பாத்திரத்தில் தண்ணீர் விட்டிருந்தது. யாரும் ஊற்றாத தண்ணீர்! உப்பு இழுத்த தண்ணீர் அது. அதைக் கொட்டவில்லை.

வெல்லத்தில் மண்ணும் சக்கையும் இருக்கும். அதனால் அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டிக்கொண்டார்கள். பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்தைவிடக் கொஞ்சம் கறுத்த வெல்லமே நல்லது. நிறம் வெளுக்க மருந்து சேர்ப்பவர்களும் உண்டு. பிறகு பாகைக் கொதிக்க வைத்து, மாங்காயை அதன் நீரோடு கொட்டி, சிறு தீயில் கிளறினார்கள். பாத்திரம் எவர்சில்வர். அலுமினியம், ஈயம் பூசாத பித்தளை, செம்பு ஆகியவை ஆகாது. புளிப்பு அவற்றை அரிக்கும்.

தோத்தாபுரியில் புளிப்பு குறைவு. புளிப்பும் ஒரு காவல்தான். அதனால் கிலோவுக்கு இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்தார்கள். மிளகாய்த்தூள் இரண்டு ஸ்பூன், வறுத்துப் பொடித்த சீரகமும் வெந்தயமும் ஒவ்வொரு ஸ்பூன், நாலு கிராம்பு. மாமியார் கொஞ்சம் பேரீச்சம்பழமும் நறுக்கிப் போட்டார். பேரனுக்குப் பிடிக்குமாம்.

எப்போது இறக்குவது? கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். ஒரு சொட்டைத் தட்டில் விட்டு ஆற விடுங்கள். விரலால் நடுவே ஒரு கோடு இழுங்கள். கோடு அப்படியே நின்றால் பதம் சரி. பாகு ஓடி வந்து மூடினாலும், ஓரத்தில் தண்ணீர் கசிந்தாலும் இன்னும் கொதிக்க வேண்டும்.

கண்ணாடிப் பாட்டில்களை வெந்நீரில் 15 நிமிடம் கொதிக்கவிட்டு வெயிலில் காயவைத்திருந்தார்கள். ஊறுகாயைச் சுத்தமான துணியால் மூடி, நன்றாக ஆறிய பிறகே நிரப்பினார்கள். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகச் சொட்டும். எடுக்கும்போதும் ஈரக் கரண்டி ஆகாது. சில மாதம் கழித்துச் சின்னச் சின்ன வெள்ளைக் கற்கள் போல அடியில் தெரியலாம். பயப்பட வேண்டாம். அது உறைந்த இனிப்பு. பூசணம் பஞ்சு போல இருக்கும், கல் போல இருக்காது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த ஊறுகாய் ஆகாது. மாமனார் ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டார். முகம்தான் கொஞ்சம் வாடியது.

பக்கத்து வீட்டார் ருசி பார்த்துவிட்டு, "எங்களுக்கும் ஒரு பாட்டில் விலைக்குக் கொடுங்க" என்றார்கள். மருமகள் நோட்டை எடுத்துக் கணக்கு எழுதினாள். விலை ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும். இது கணக்குப் பழக மட்டும்.

மாங்காய் 50 ரூபாய். வெல்லம் 75. எலுமிச்சையும் மசாலாவும் 25. காஸ் 20. பாட்டில் எட்டு, ஒன்று 12 வீதம் 96. மொத்தம் 266 ரூபாய். ஊறுகாய் இரண்டு கிலோ வந்தது. கால் கிலோ பாட்டில் எட்டு. ஒரு பாட்டிலுக்கு 33 ரூபாய் 25 காசு.

"அப்போ 35 ரூபாய்க்குக் கொடுக்கலாம் அத்தை" என்றாள்.

"ஏம்மா, நாம ரெண்டு பேரும் காலையில இருந்து உட்கார்ந்து நறுக்கினோமே, கிளறினோமே. அதுக்குக் கூலி எங்கே எழுதியிருக்கே?"

மருமகள் யோசித்தாள். பெண்கள் போடும் கணக்கில் இந்த ஒரு வரி எப்போதும் விட்டுப்போகிறது. கூலி 150 என்று எழுதினாள். மொத்தம் 416. எட்டால் வகுத்தாள். ஒரு பாட்டில் 52 ரூபாய்.

தொடர்ந்து விற்பதானால் 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். சிறு தொழிலுக்கும் அது உண்டு. பாட்டில் மேல் விவரம் ஒட்ட வேண்டும்.

விற்கப் போகிறாளோ இல்லையோ, மருமகள் அன்றே எட்டுச் சீட்டுகள் வெட்டி எழுதி ஒட்டினாள்:

இனிப்பு மாங்காய் ஊறுகாய். மாங்காய், வெல்லம், உப்பு, எலுமிச்சை, பேரீச்சம்பழம், மிளகாய், சீரகம், வெந்தயம், கிராம்பு. எடை 250 கிராம். செய்த தேதி ஜூன் 22. ஈரக் கரண்டி போடாதீர்கள்.